பதினோரு ஜன்னல்களும் ஒரு வாக்குமூலமும்

"காலை வணக்கம்!"

குரல் மேலே இருந்து வந்தது. ஹெட்டி அண்ணாந்து பார்த்தாள்.

மூன்றாவது மாடி ஜன்னலில் ஒரு ஆள். இடுப்புக்கு மேலே பாதி உடம்பு வெளியே... மீதி உள்ளே. கொட்டுகிற மழையில் தலை தொப்பலாக நனைந்திருந்தது. முகத்தில் மட்டும் ஒரு மரியாதையான சிரிப்பு.

"வணக்கம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். விட்பி என்ற அந்த இங்கிலீஷ் கடற்கரை ஊரில் கடலைப் பார்க்க ஜன்னலில் தொங்குகிறவர்கள் புதிதில்லை. வெளியூர்க்காரன் போலிருக்கிறது... நனையட்டும்!

"நல்ல மழை, இல்லைங்களா?"

"ஆமா, நல்ல மழை."

"உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லைன்னா... அவசரம்னா வேண்டாம்... தொந்தரவுக்கு மன்னிக்கணும்... இந்த ஜன்னல் என் முதுகுல விழுந்துடுச்சு."

ஹெட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்போதுதான் கவனித்தாள். மேலே நிற்க வேண்டிய கண்ணாடிச் சட்டம் முழுசாக இறங்கி அவன் முதுகில் உட்கார்ந்திருந்தது. பொறியில் மாட்டிய எலிக்கும் அவனுக்கும் வித்தியாசம், எலி வணக்கம் சொல்லாது.

"எவ்ளோ நேரமா இப்படி இருக்கீங்க?"

"நாப்பது நிமிஷம் இருக்கும்."

"யாருமே வரலையா?"

"தபால்காரர் வந்தார். நாயோட ஒரு பெரியவர் போனார். வணக்கம் சொன்னேன். அவங்களும் சொன்னாங்க."

"வணக்கமா சொல்வாங்க? காப்பாத்துங்கன்னு கத்த வேண்டியதுதானே!"

"அறிமுகம் இல்லாதவங்ககிட்ட எப்படிங்க திடீர்னு..."

கடவுளே! இப்படியும் ஒரு பிறவியா... ஹெட்டி ஓடினாள்.

வீட்டுக்காரி மிஸஸ் ஸ்டோர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கதவு வழக்கம் போலத் திறந்தே கிடந்தது. மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறிப் போனால் அறையில் முதலில் கண்ணில் பட்டது இரண்டு கால்கள். இடது காலுறையில் ஓட்டை. பெருவிரல் எட்டிப் பார்த்தது. சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள்.

ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தாள். அந்த மாதிரி வீடுகளில் கண்ணாடி இருநூறு வருஷத்துப் பழசு. ஊதிச் செய்த கண்ணாடி, அலை அலையாக இருக்கும். அதன் வழியாக, கழுத்தை வளைத்துப் பார்த்த அவன் முகம் தெரிந்தது... ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே, மூக்கு எங்கேயோ. அழகன்தான் போ என்று நினைத்துக்கொண்டு, சட்டத்தின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினாள்.

கண்ணாடி விலகியது. அவன் திரும்பிப் பார்த்தான்.

சாம்பல் நிறக் கண்கள்... இமை நுனியில் மழைத்துளி. அந்தத் துளி விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள் ஹெட்டி. கையில் இருபது கிலோ ஜன்னல் இருக்கிற நினைப்பே இல்லை.

"நான்... உள்ள வரலாமா?" என்றான் அவன்.

"உங்க அறைதானே! சீக்கிரம் வாங்க... கை விட்டுப் போகுது!"

அவன் பின்னாலேயே நகர்ந்து, நாற்காலியில் இடித்து, தரையில் உட்கார்ந்தான். "மன்னிக்கணும்" என்றான். நாற்காலியிடம் சொன்னானா, அவளிடம் சொன்னானா என்பது இன்றுவரை தெரியவில்லை.

அவன் பெயர் ஜோனஸ் தோர்ப். தெற்கே இருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"பழைய வீடுகளைப் பாத்து எழுதறது என் வேலை" என்றான்.

"நான் மர வேலை செய்யறவ. ஹெட்டி" என்றாள் அவள்.

இரண்டுமே பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

"கயிறு இத்துப் போச்சு, பாருங்க" என்று ஜன்னல் நிலையின் ஓரத்தில் இருந்த சின்ன மரமூடியைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தாள் ஹெட்டி. உள்ளே சுவருக்குள் ஒரு கூடு. அதன் அடியில் துருப்பிடித்த நீளமான இரும்புக் குண்டு விழுந்து கிடந்தது. "இந்தக் குண்டும் அந்தப் பக்கத்துக் குண்டும் சேந்தா ஜன்னல் எடை. கயிறு இருந்தா விரலால தள்ளலாம். கயிறு போனா... உங்க கதிதான்."

"எனக்குத் தெரியும். நான் இதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன்."

"எழுதிட்டு அதுக்கு அடியிலேயே தலையை நீட்டினீங்களா?"

அவன் முகம் சிவந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. மேல் சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, கீழ்ச் சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சூடான காற்று மேலே போய்க் குளிர்ந்த காற்று கீழே வரும் என்றான். அந்தக் காலத்தில் அரசாங்கம் ஜன்னலை எண்ணி வரி போட்டதால் ஜனங்கள் செங்கல் வைத்து அடைத்தார்கள் என்றான். அப்படியும் இந்த ஊர்க் கப்பல் கேப்டன்கள் கடல் பக்கத்து ஜன்னலை மட்டும் அடைக்கவில்லை... வீட்டில் இருக்கிறவள் கப்பல் வருவதைப் பார்க்க வேண்டுமே என்றான். சொல்லும்போது அந்தக் கண்கள் மின்னின. ஹெட்டி குண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜன்னலைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேசுகிற ஒரு ஆம்பிளையை அவள் பார்த்ததே கிடையாது.

"இதையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டறானுங்களே..." அந்த மரியாதைக்காரன் பல்லைக் கடித்தான். "அவங்க வீட்டுத் தேநீர் ஆறிப் போகட்டும்!"

இங்கிலீஷ்காரன் வாயில் இதைவிடக் கொடிய சாபம் வராது. ஹெட்டி குண்டைக் கீழே வைத்தாள். மலைக்குக் கீழே அவளுடைய வேன் நின்றிருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு அடி உயர எழுத்தில்: 'லெட்லி அண்டு டாட்டர், பிளாஸ்டிக் ஜன்னல்கள்'. அந்தத் தெரு முழுக்கப் படிக்கட்டு. வேன் ஏறாது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வந்து புதுக் கயிறு மாட்டித் தரேன்" என்றாள்.

ஒரு ஜன்னலுக்குக் கயிறு மாட்ட ஒரு ஞாயிறு போதும். அவளுக்கு நான்கு ஞாயிறு ஆனது. ஏன் என்று கேட்கக் கூடாது.

இரண்டாவது ஞாயிறு அவன் சமையலறையில் புகையைப் போக்க ஜன்னலை மேலே தள்ளு தள்ளு என்று தள்ளிக்கொண்டிருந்தான். நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. ஹெட்டி பின்னால் வந்து ஒரு விரலால் அதைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். சர்ரென்று திறந்தது.

"இது... பக்கத்துல போகுமா?"

"யார்க்ஷயர் ஜன்னல், ராசா. இங்க சமையலறையில எல்லாம் இப்படித்தான். உன் கட்டுரையில இது இல்லையா?"

"அடிக்குறிப்புல இருக்கு" என்றான் பரிதாபமாக.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படியேறி வந்த மிஸஸ் ஸ்டோர், "என்ன கண்ணு, வீடே அதிருது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு தட்டு இஞ்சிக் கேக்கை வைத்துவிட்டுப் போனாள். அவள் போகிறபோது ஹெட்டியைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினாள். ஊருக்கே தெரியும், ஹெட்டி யார் மகள் என்று. வெளியூர்க்காரனுக்குச் சொல்லத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

சொல்லிவிட வேண்டும்... அடுத்த ஞாயிறு சொல்லிவிட வேண்டும்... ஒவ்வொரு ஞாயிறும் அவள் இதையே நினைத்தாள். அந்தச் சாம்பல் கண்கள் நிமிர்ந்து பார்க்கும். நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவனும் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். நான்காவது ஞாயிறு, கயிற்றின் ஒரு நுனி அவள் கையில், மறு நுனி அவன் கையில் இருந்தபோது... "ஹெட்டி, நான் ஒண்ணு..." என்றான். பிறகு, "மழை வரும் போலிருக்கு" என்று முடித்தான். ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. காலைச் சாப்பாட்டு மேஜையில் அப்பா வால்டர் லெட்லி புகை போட்ட மீனைப் பாதி தின்றுவிட்டு ஒரு கடிதத்தைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே உறைந்துபோனார்.

"என்னப்பா?"

"நகராட்சி" என்றார். "கேப்டன் வரிசை, ஏழாம் நம்பர் வீடு. போன வசந்தத்துல நாம மாத்தின பதினோரு ஜன்னல். பழைய வீடுகளோட பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கற வீடாம். அனுமதி இல்லாம பழைய ஜன்னலை எடுத்தது குற்றமாம். என்னைக் கோர்ட்ல நிறுத்தலாமான்னு குழு கூடிப் பேசப் போகுதாம்."

ஹெட்டிக்கு மீன் முள் தொண்டையில் நின்றது. அன்றைக்கே சொன்னாள், நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று. வீடு பட்டியலில் இல்லை என்று அதன் சொந்தக்காரன் சொன்னதை நம்பி, யாரு கேக்கப் போறா என்று அப்பாதான் தட்டிக் கழித்தார்.

"முப்பது வருஷம்" என்றார் அப்பா. அவர் குரல் நடுங்கியதை அவள் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள். "முப்பது வருஷமா ஒருத்தர் என்மேல ஒரு சொல் சொன்னதில்ல. குற்றவாளின்னு எழுதியிருக்கான், பாரு. யாரு இந்த ஜே. தோர்ப்?"

ஹெட்டியின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை மேஜையில் கவிழ்ந்தது.

நூற்றுத் தொண்ணூறு படி. ஒரு படியும் நினைவில்லை அவளுக்கு. மழையில் நனைந்தபடி அவன் கதவைத் தட்டினாள்.

"ஹெட்டி! இன்னிக்குத் திங்கள்தானே..."

"பழைய வீட்டைப் பாத்து எழுதறேன்னு சொன்னியே. இதைத்தான் எழுதறியா?" கடிதத்தை அவன் மார்பில் வைத்து அழுத்தினாள்.

"இது... இது லெட்லிக்குப் போன கடிதம். உன்கிட்ட எப்படி..."

"நான்தான் லெட்லி. ஹெட்டி லெட்லி. லெட்லி அண்டு டாட்டர்ல அந்த டாட்டர் நான்தான்!"

அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. வாய் திறந்தது, மூடியது, திறந்தது.

"கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கோ ஜோனஸ்."

"முடியாது."

"எனக்காகக் கூடவா?"

"வேற எதை வேணா கேளு ஹெட்டி. நடந்தது நடக்கலைன்னு எழுதச் சொல்லாதே. இருநூறு வருஷம் கடலைப் பாத்துட்டு நின்ன பதினோரு ஜன்னல்... அதை ஈவு இரக்கம் இல்லாம உடைச்சு எறிஞ்ச ஆள்..."

"கழட்டினது நான்" என்றாள் ஹெட்டி. "இந்தக் கையால."

அவன் அந்தக் கையையே பார்த்தான். நேற்று கயிற்றின் மறு நுனியைப் பிடித்திருந்த கை. நம்ப முடியாமல் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நுனி நாக்கில் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக அப்பாவிடம் மறைத்ததை, ஒரு மாதப் பழக்கத்தில் இவனிடம் முதலில் சொல்வதா? அதுவும் இப்படிப் பார்க்கிறவனிடமா? ரோஷம் வந்தால் லெட்லி வீட்டுப் பெண்களுக்கு வாய் பூட்டிக்கொள்ளும்.

"இனிமே ஞாயித்துக்கிழமை வர மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அப்பாவிடம் செவ்வாய்க்கிழமை சொன்னாள். வாயால் சொல்லவில்லை... துறைமுகத்தில் மாமாவின் பழைய வலைக் கொட்டகைக்கு அவரை அழைத்துப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

வால்டர் லெட்லி வாசலிலேயே நின்றுவிட்டார்.

தரையிலிருந்து கூரை வரை ஜன்னல்கள். ஒவ்வொன்றும் பழைய கம்பளியில் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்புக் கட்டியால் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் எழுதி... இரும்புக் குண்டுகள் ஜோடி ஜோடியாகக் கட்டி, சுவர் ஓரமாக வரிசையாக. அவர் முப்பது வருஷத்தில் இந்த ஊரில் கழட்டியதில் கடைசி ஒன்பது வருஷத்துச் சரக்கு மொத்தமும் அங்கே இருந்தது.

"குப்பையில கொண்டுபோய்க் கொட்டிட்டேன்னு சொன்ன" என்றார்.

"பொய் சொன்னேன்பா."

"எத்தனை?"

"நூத்தி இருபத்தாறு. ஏழாம் நம்பர் வீட்டுது பதினொண்ணும் அதோ அந்த மூலையில. ஒரு கண்ணாடி கூட உடையல. திருப்பி மாட்டிடறோம்னு சொன்னா குழு விட்டுடும்பா. அடுத்த வியாழன் கூட்டத்துல நான் எழுந்து சொல்றேன்."

அப்பா திரும்பினார். கோபம் இருந்திருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். அவர் முகத்தில் அடிபட்ட குழப்பம்தான் இருந்தது.

"உங்கம்மா கடைசிக் குளிர்காலத்துல முன்னறையில படுத்திருந்தா, ஞாபகம் இருக்கா? உனக்கு ஏழு வயசு. அந்த அழகான ஜன்னல் இடுக்குல கடல் காத்து விசில் அடிக்கும். செய்தித்தாளை மடிச்சுச் சொருகுவேன். அது நனைஞ்சு விழும். ராத்திரி பூரா இருமுவா... இந்த ஊர்ல இன்னொரு வீட்ல ஒருத்தி அப்படிக் குளிர்ல கிடக்கக் கூடாதுன்னுதான் இந்த வேலையே ஆரம்பிச்சேன். எத்தனை வீட்ல கையைப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொல்லியிருக்காங்க, தெரியுமா உனக்கு?"

"தெரியும்பா..."

"தெரிஞ்சும் நான் செஞ்சதைப் பாத்து வெக்கப்பட்டிருக்க. ஒன்பது வருஷமா, பக்கத்துலயே நின்னுக்கிட்டு."

"வெக்கம் இல்லப்பா. நீங்க சொன்னதும் சரி, இதை உடைக்க மனசு வரலைங்கறதும் நிஜம். ரெண்டையும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். நடந்து போய்விட்டார்.

அதன் பிறகு ஒன்பது நாள் அவர் மகளோடு பேசவில்லை. பேச வேண்டியதை நாயிடம் பேசினார். "மீனுக்கு உப்பு பத்தலைன்னு சொல்லு" என்பார். நாய் ஹெட்டியைப் பார்க்கும். "உப்பு மேஜையிலதான் இருக்குன்னு சொல்லு" என்பாள் ஹெட்டி. நாய் அவரைப் பார்க்கும். பாவம், அந்த வாரம் அது இளைத்தே போனது.

ராத்திரியில் அவள் இரண்டு பேருக்காகவும் அழுதாள். ஒருவர் பக்கத்து அறையில். ஒருவன் நூற்றுத் தொண்ணூறு படிக்கு மேலே. அப்பா கோர்ட் படியேறினால் அதோடு அவர் முடிந்துபோவார். கூட்டத்தில் எழுந்து கொட்டகையைப் பற்றிச் சொன்னாலோ, மகளே அவர் வேலையை மதிக்கவில்லை என்று ஊர் பேசும். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறதே...

வியாழன் மாலை ஐந்து மணிக்கு நகராட்சி மாடியில் கூட்டம். ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். வழக்கைப் பார்க்க என்று சொன்னார்கள்; கண்ணெல்லாம் ஹெட்டி மேலேயும் ஜோனஸ் மேலேயும்தான். மிஸஸ் ஸ்டோர் பின்னுகிற கம்பளியோடு முதல் வரிசையில். அப்பா கோட்டும் டையும் கட்டிக்கொண்டு, ஹெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அதிகாரிகள் வரிசையில் ஜோனஸ். இளைத்திருந்தான். அவன் நிமிரவே இல்லை.

தலைவி மிஸஸ் டாப்ஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். தேநீர் வந்தது. பிஸ்கட் வந்தது. வராதவர்கள் அனுப்பிய மன்னிப்புகள் வாசிக்கப்பட்டன. அடுத்தது, சொந்த சம்பந்தம் பற்றிய அறிவிப்பு. பேசப்போகும் விஷயத்தில் யாருக்காவது உறவோ தொடர்போ இருந்தால் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். அது விதி. வழக்கமாக, என் மச்சானுக்கு அந்தத் தெருவில் கடை இருக்கிறது என்று யாராவது எழுதியிருப்பார்கள். யாரும் காது கொடுப்பதில்லை.

"ஒண்ணு வந்திருக்கு. மிஸ்டர் தோர்ப்கிட்ட இருந்து" என்று மிஸஸ் டாப்ஸ் தாளைப் பிரித்தார்.

ஜோனஸ் வெடுக்கென்று நிமிர்ந்தான். "அதை... அதை வாசிப்பீங்களா? எங்க ஊர்ல கோப்புல வச்சுடுவாங்க..."

"இங்க வாசிப்போம், கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் சத்தமாகப் படித்தார்:

"'கேப்டன் வரிசை, ஏழாம் எண் வீடு தொடர்பாக. ஜன்னல்களை மாற்றியவரின் மகள் செல்வி ஹெட்டி லெட்லியை நான் காதலிக்கிறேன்...'"

மிஸஸ் டாப்ஸின் குரல் நின்றது. யாருடைய பிஸ்கட்டோ தேநீரில் விழுந்த சத்தம் கேட்டது. மிஸஸ் ஸ்டோரின் ஊசி அந்தரத்தில் நின்றது. ஆனால் தொடங்கிய வாசிப்பை நடுவில் நிறுத்த அந்த ஊர் விதியில் இடமில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார்:

"'இதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இப்போது என்னோடு பேசுவதும் இல்லை. அவர் வருத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டு நடுநிலையாக இருக்க என்னால் முடியாது. ஆகவே கோப்பை வேறு அதிகாரியிடம் ஒப்படைக்கிறேன். முந்தைய கடிதத்தில் நான் எழுதியது உண்மை. அதில் மாற்றம் இல்லை. ஆனால் திரு. லெட்லியை நேரில் பார்த்து ஒரு வார்த்தை கேட்காமல் அதை அனுப்பியது மரியாதை அல்ல. அதற்கு வருந்துகிறேன். தங்கள் உண்மையுள்ள, ஜே. தோர்ப்.'"

அறையில் இருந்த எண்பது பேரும் ஹெட்டி பக்கம் திரும்பினார்கள்.

"நன்றி, மிஸ்டர் தோர்ப்" என்றார் மிஸஸ் டாப்ஸ். "குறிச்சுக்கிட்டோம்."

ஜோனஸ் எழுந்தான். பீட்ரூட் தோற்றது, அப்படி ஒரு முகம். கோப்பு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்து மேஜையில் தலையை இடித்துக்கொண்டான். கதவைத் தள்ளினான், அது இழுக்கிற கதவு. ஒருவழியாக வெளியே போனான்.

ஹெட்டிக்குக் கை கால் ஓடவில்லை. காது மட்டும் சூடாக எரிந்தது. காதலிக்கிறானாம்... எழுதியே கொடுத்திருக்கிறான்... நகராட்சியில்... ஊருக்கே முன்னால்... எழுந்து ஓடு ஓடு என்றது மனசு. ஆனால் அடுத்து ஏழாம் நம்பர் விஷயம். அவள் எழுந்து ஜன்னல்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் அப்பா குற்றவாளி. நாற்காலியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"போ" என்றது ஒரு குரல்.

திரும்பினாள். அப்பா. நாயிடம் இல்லை, அவளிடம்தான் பேசினார். ஒன்பது நாளுக்குப் பிறகு அவர் கண் அவள் கண்ணைப் பார்த்தது.

"என் முறை வருதுப்பா... அந்த ஜன்னலைப் பத்தி..."

"நான் சொல்றேன்."

"நீங்களா?"

"நூத்தி இருபத்தாறுதானே? நான் குப்பைன்னு தூக்கிப் போட்டதை என் மக பொறுக்கி, துடைச்சு, பேர் எழுதி வச்சிருக்கான்னு சொல்றேன். அவ என்னைவிட நல்ல வேலைக்காரின்னு சொல்றேன். பதினொண்ணையும் நானே திருப்பி மாட்டறேன்னு சொல்றேன்." ஒரு கணம் நிறுத்தினார். "ஆனா காத்து வராம அடைப்பு வச்சுத்தான் மாட்டுவேன். அதையும் சொல்லிடுவேன்."

"அப்பா..."

"அடி போடி! அந்தப் பையன் இருக்கற லட்சணத்துக்குப் படியில உருண்டுடப் போறான்."

அவள் அவர் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினாள். மிஸஸ் ஸ்டோர் கதவைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள்.

நகராட்சி வாசல் படியில், கொட்டுகிற மழையில், குடை இல்லாமல் நின்றிருந்தான் ஜோனஸ். எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவன் போல நின்றான்.

"ஏன்யா, அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினாள் ஹெட்டி.

"கோப்புல வச்சுடுவாங்கன்னு நினைச்சேன். சத்தியமா! வாசிப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

அவன் யோசித்தான். அந்த நேரத்திலும் உண்மையைத் தேடினான். "அப்பவும் எழுதியிருப்பேன். உண்மையாச்சே. எழுத்துப் பிழை இருக்கான்னு இன்னொரு தடவை பாத்திருப்பேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி நகராட்சிகிட்ட சொல்லியிருக்க!"

"நீ கதவைச் சாத்திட்டுப் போயிட்டியே ஹெட்டி. பத்து நாள் ஆச்சு. உங்க வீட்டு வாசல் வரைக்கும் மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் உங்க நாய் பாத்தது... சரின்னு திரும்பிட்டேன்."

கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. மழை இரண்டு பேர் முகத்திலும் வழிந்தது.

"அந்தப் பதினோரு ஜன்னலும் உடையல" என்றாள்.

"என்ன?"

"எங்கிட்டதான் இருக்கு. நான் எதையும் உடைச்சதே இல்ல. வலைக் கொட்டகையில வச்சிருக்கேன். இந்த ஊர்லேர்ந்து கழட்டினது... மொத்தம் நூத்தி இருபத்தாறு. கயிறு, குண்டு, கொக்கி எல்லாத்தோடவும்."

ஜோனஸ் தோர்ப் ஈரப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நூத்தி... இருபத்தாறா?" சாம்பல் கண்கள் விரிந்தன. "பழைய கண்ணாடியோடவா? ஏன் அன்னிக்கே சொல்லல? உன்னை அப்படிப் பாத்தேனே... அந்தக் கையை... ஐயோ ஹெட்டி, உன் கையைப் போய் அப்படிப் பாத்தேனே..."

"முதல்ல எங்கப்பாவுக்குச் சொல்லணும்னு இருந்துச்சு. அதான்."

அவன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான். அவள் கையைப் பிடித்தான். உளி பட்ட தழும்பும், பெயிண்ட் கறையும், காய்த்துப்போன விரல்களுமாக இருந்த கை. அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அவள் விலக்கிக்கொள்ளவில்லை. மாடியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கைதட்டல் கேட்டது. அந்த ஊரில் கூட்டத்தில் கைதட்டுகிற வழக்கமே கிடையாது. இருவரும் திடுக்கிட்டு மேலே பார்த்தார்கள்.

"ஹெட்டி" என்றான் அவன். "நான் எழுதினதுக்கு... பதில் ஏதாவது... அவசரம் இல்ல. உனக்கு எப்ப சௌகரியமோ அப்ப... நகராட்சிக் கடிதத்துக்குப் போல நாலு வாரம் வரைக்கும் கூட எடுத்துக்கலாம்..."

ஹெட்டி அவன் பக்கத்தில், அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்தாள். அவன் இமை நுனியில் நின்ற துளியை விரலால் துடைத்தாள்.

"நானும் உன்னைக் காதலிக்கிறேன், மடையா" என்றாள். "எழுத்துல எல்லாம் தர மாட்டேன். இப்படியே கேட்டுக்கோ."